அறுவைக்குப் பின்னர் தொடங்கும் வேலை – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய டொக்டர் அவர்களுக்கு,

எனது மகள் கொழும்பு மருத்துவ பீடத்தில் இறுதியாண்டு மாணவி. எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சை நிபுணராக வரவேண்டும் என்று இப்போதே சொல்கிறாள். அது உடல் பலமுள்ள ஆண்களுக்குரிய துறை என்கிறார் அவளுடைய அப்பா. ஊரில் முறிவு நெரிவு வைத்தியர் செய்கின்ற வேலைக்கு இத்தனை வருடப் படிப்பா என்று கேட்கிறார் என் மாமியார். அவளிடம் காரணம் கேட்டால், "முதல் எக்ஸ்ரேயில் முறிந்து கிடந்தது அடுத்த எக்ஸ்ரேயில் நேராக இருக்கிறது, அதைப் பார்க்கப் பிடித்திருக்கிறது" என்கிறாள். ஒரு வாழ்நாள் தொழிலுக்கு இந்தக் காரணம் போதுமா? நீண்டகாலம் இத்துறையில் இருந்தவர் என்ற முறையில் உங்களிடம் கேட்கிறேன்.

ஒரு தாய், வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொன்ன காரணத்தைச் சிறியதென்று எண்ண வேண்டாம். என்னையும், என்னோடு பயின்ற பலரையும் இத்துறைக்கு இழுத்து வந்தது அதுதான். தொடையெலும்பு முறிந்தவர்கள் பாரம் கட்டித் தொங்கவிட்ட காலோடு வாரக்கணக்கில் கட்டிலிலேயே கிடந்த காலம் ஒன்று இருந்தது. ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் 1939 இல் எலும்பின் உட்குழிக்குள் உலோகத் தண்டைச் செலுத்தும் முறையைத் தொடங்கி வைத்த பிறகு அந்த நிலை மாறத் தொடங்கியது. இன்று மோட்டார் சைக்கிள் விபத்தில் தொடை முறிந்து தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவுக்கு வரும் ஓர் இளைஞனை, வேறு பெரிய காயங்கள் இல்லாவிட்டால், தண்டு பொருத்திய மறுநாளே எழுப்பி உட்காரவைக்க முடிகிறது. தன் கைவேலையின் பலனை இவ்வளவு விரைவாகக் காணும் வாய்ப்பு மருத்துவத்தின் எல்லாக் கிளைகளிலும் கிடைப்பதில்லை.

ஆனால் ஒருவர் இத்துறைக்குள் வருவதற்கான காரணம் வேறு, அதில் நிலைத்திருப்பதற்கான காரணம் வேறு. எக்ஸ்ரேயில் எலும்பு நேராகிவிட்ட பின்னரும் அந்த இளைஞனுக்கு முழங்கால் மடங்காமல் இருக்கலாம், முறிவு பொருந்தாமல் மாதக்கணக்கில் இழுபடலாம், கிருமித் தொற்று ஏற்பட்டுத் தண்டையே கழற்ற நேரலாம். இவை எல்லாம் தெரியவருவது சத்திரசிகிச்சைக் கூடத்தில் அல்ல, கிளினிக்கில்தான். அவன் மறுபடியும் ஓட்டோ ஓட்டுகிறானா, மாடிப்படி ஏறுகிறானா, குந்தியிருந்து எழும்புகிறானா என்பதைப் பல மாதங்கள் கழித்தும் அறிய விரும்புபவருக்கே இந்தத் தொழில் தொடர்ந்து இனிக்கும்.

இதற்கு இக்னாசியோ பொன்செட்டியின் வாழ்க்கையை எடுத்துக்காட்டாகச் சொல்வேன். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களின் முறிவுகளுக்குச் சிகிச்சை அளித்து, தோல்வியின் பின்னர் நாட்டைவிட்டு வெளியேறி, பிரான்ஸ், மெக்சிக்கோ வழியாக 1941 இல் அமெரிக்காவின் ஐயோவாவுக்கு வந்துசேர்ந்தவர் அவர். பாதம் உட்புறமாக வளைந்து பிறந்த குழந்தைகளுக்கு அக்காலத்தில் விரிவான சத்திரசிகிச்சைகள் செய்யப்பட்டன. அவ்வாறு சிகிச்சை பெற்றவர்களை ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது, அவர்களின் பாதங்கள் விறைத்தும் வலுவிழந்தும் வலியோடும் இருப்பதைப் பொன்செட்டி கண்டார். அதனால் கத்தியைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்து, பாதத்தைக் கையால் மெல்ல மெல்லத் திருப்பி, வாரந்தோறும் மாவுக்கட்டை மாற்றி, தேவையானால் குதிகால் நாணை மட்டும் சிறிதாக வெட்டிச் சீராக்கும் ஒரு முறையை வகுத்தார். 1963 இல் அவர் அதை வெளியிட்டபோது பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. உலகம் பரவலாக ஏற்றுக்கொள்வதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகள் பிடித்தன. குழந்தைக்கு நான்கு வயதாகும்வரை இரவில் விசேட சப்பாத்தை அணிவித்துப் படுக்கவைக்க வேண்டும் என்பதால், அந்த முறையின் வெற்றியில் பாதி தாயின் கையில் இருக்கிறது. வெட்டக் கற்றுக்கொண்ட ஒருவர், வெட்டாமல் இருப்பதற்கும் வேண்டிய பொறுமையைத் தன் பழைய நோயாளிகளிடமிருந்து கற்றுக்கொண்டார் என்பதே அவரிடம் நான் மிகவும் மதிக்கும் விடயம்.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். இடுப்பு மூட்டு விலகி வந்தவருக்கு அதைத் திரும்பப் பொருத்த வலு வேண்டும் என்பது உண்மை. ஆயினும் மயக்கமருந்து நிபுணர் தசைகளை நன்றாகத் தளர்த்திய பிறகு, எந்தக் கோணத்தில் பிடித்து எப்படித் திருப்புவது என்று அறிந்த கைக்கே மூட்டு இணங்கும். தெரியாத கை பலத்தைக் கொண்டு இழுத்தால் எலும்பு முறியவும் கூடும். துளையிடுவதையும் அறுப்பதையும் இன்று இயந்திரக் கருவிகளே செய்கின்றன. எங்கும் இத்துறையில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு அவர்களின் தோள்வலு காரணமல்ல. பெண்ணால் முடியாது என்ற பேச்சை மாணவப் பருவத்திலேயே கேட்டுக் கேட்டு வேறு துறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பேச்சு உங்கள் வீட்டிலிருந்து வரவேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

மாமியாரின் கேள்வியில் வரலாற்று நியாயம் இருக்கிறது. நவீன எலும்புச் சிகிச்சையின் முன்னோடிகளுள் ஒருவரான ஹியூ ஓவன் தோமஸ், வேல்ஸில் பரம்பரை பரம்பரையாக முறிவு நெரிவு பார்த்த குடும்பத்தில் வந்தவர். அவர் வடிவமைத்த கால்தாங்கி, முதலாம் உலகப் போரில் தொடை முறிந்த ஏராளமான வீரர்களின் உயிரைக் காத்தது. ஆயினும் எலும்பு தோலைத் துளைத்துக்கொண்டு காயம் திறந்திருக்கும்போதும், இரத்தக் குழாய் நசுங்கிப் பாதம் குளிர்ந்துபோகும்போதும், கைராசியை நம்பிக் காத்திருக்க முடியாது. அந்தச் சில மணித்தியாலங்களில் சரியாக முடிவெடுப்பதற்காகத்தான் இத்தனை வருடப் படிப்பு.

அந்தப் படிப்பு நீளமானது. மருத்துவ பீடத்தில் ஐந்து ஆண்டுகள், ஓராண்டு உள்ளகப் பயிற்சி, பின்னர் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் தேர்வுகள், பொதுச் சத்திரசிகிச்சைப் பயிற்சி, அதன் பிறகு எலும்பு முறிவுப் பிரிவிலும் வெளிநாட்டிலும் பயிற்சி என்று, உயர்தரத்திலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகிவிடும். நிபுணரான பிறகும் முதல் நியமனம் கொழும்பில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மாலையில் தனியார் வைத்தியசாலைகளில் நோயாளிகளைப் பார்த்து நல்ல வருமானம் ஈட்டலாம். ஆனால் அதை மட்டும் எண்ணி வருபவருக்கு இந்த 15 ஆண்டுகள் மிகக் கடினமாக இருக்கும்.

ஆகவே மகளின் காரணத்தை விசாரிப்பதைவிட, உள்ளகப் பயிற்சி முடிவதற்குள் எலும்பு முறிவுக் கிளினிக் ஒன்றில் சில வாரங்கள் தொடர்ந்து உட்காரச் சொல்லுங்கள். சத்திரசிகிச்சைக் கூடத்தை அவள் ஏற்கெனவே விரும்புகிறாள். ஒரே நோயாளி மூன்றாவது முறையாகவும் வலியோடு திரும்பி வரும்போது, இயன்மருத்துவரையும் அழைத்து வைத்துக்கொண்டு அவருடன் பேச அவளுக்கு ஆர்வம் வருகிறதா என்று பார்க்கட்டும். வந்தால், பரீட்சைக்கு எப்படித் தயாராவது என்று எனக்கு நேரடியாக எழுதச் சொல்லுங்கள். என்னால் இயன்றதைச் செய்கிறேன்.