உங்கள் தெருவில் குற்றம் மூன்று மடங்காகிவிட்டதா?

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வு பெற்றவர்கள். சென்னைப் புறநகரில் சொந்த வீடு. எங்கள் நகர் வாட்ஸ்அப் குழுவில் தினமும் செயின் பறிப்பு வீடியோ வருகிறது. காவலாளி, கேமரா ஏற்பாடு செய்து தரும் ஒருவர் ‘உங்கள் ஏரியாவில் குற்றம் மூன்று மடங்கு, அரசுக் கணக்கே சொல்கிறது’ என்று ஒரு தாளைக் காட்டி, மூன்று வருட ஒப்பந்தத்துக்கு முன்பணம் கேட்கிறார். வீட்டை விற்றுவிட்டு மகனோடு பெங்களூருக்கே போய்விடலாமா?

பதில்: இந்தப் பயத்துக்காக வீட்டை விற்காதீர்கள். முன்பணமும் கொடுக்காதீர்கள். மகனோடு இருக்க ஆசை என்றால் போங்கள், அது வேறு விஷயம்.

முதலில் அந்தத் தாள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் மாநிலக் கணக்கு இருக்கும், சென்னை உட்பட 19 பெருநகரங்களின் கணக்கு இருக்கும். உங்கள் தெருவுக்கென்று எதுவும் இருக்காது. அதுவும் உடனே வருவதில்லை. 2023ஆம் ஆண்டின் கணக்கு 2025 செப்டம்பர் கடைசியில்தான் வெளியானது. எல்லா ஸ்டேஷனும் கணினியில் பதிவு செய்கிற காலத்தில் இத்தனை தாமதம் ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அந்த இடைவெளியில்தான் இப்படிப்பட்டவர்கள் கடை விரிக்கிறார்கள்.

அப்புறம், வழக்கு கூடுவது வேறு, குற்றம் கூடுவது வேறு. 2020ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஊரே வீட்டுக்குள் கிடந்த அந்த வருடம் நாட்டில் பதிவான வழக்குகள் 28 சதவீதம் ஏறின. காரணம் திருடர்கள் இல்லை. அரசு உத்தரவை மீறியதற்கான இந்திய தண்டனைச் சட்டம் 188ஆவது பிரிவில் 2019இல் 29,469 வழக்குகள். ஊரடங்கு வந்த 2020இல் 6,12,179. தமிழ்நாட்டில் இப்படிப் போட்ட வழக்குகள் ஏராளம். அதே வருடம் திருட்டு வழக்குகள் குறைந்தன. இந்த இரண்டு வருடங்களை மட்டும் பக்கத்தில் வைத்துப் படம் போட்டால் யாரையும் பயமுறுத்தலாம்.

நான் கொலைக் கணக்கைத்தான் பார்ப்பேன், அதை மறைப்பது கஷ்டம். நாட்டில் 1990களின் தொடக்கத்தில் லட்சம் பேருக்கு நான்குக்கு மேல் இருந்தது, 2022இல் 2.1 ஆக இறங்கியிருக்கிறது.

பயம் மட்டும் இறங்கவில்லை. கேமரா இல்லாத காலத்தில் ஒரு செயின் பறிப்பு அந்தத் தெருவோடு நின்றது. இன்று அதே வீடியோ ஊர் பெயர் மாறி, வருடம் மாறி, திரும்பத் திரும்ப வருகிறது. தேதியும் இடமும் இல்லாத வீடியோவைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பம் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி ஊர்க்காரர்கள் அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் செத்தே போனார்.

அதற்காகக் கணக்கு குறைந்தால் எல்லாம் சரி என்றும் நான் சொல்லமாட்டேன். போனைப் பறித்தார்கள் என்று போகிறவரிடம் ‘தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள், சீக்கிரம் முடியும்’ என்பார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு வரியில் திருட்டு கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும். புகார் வாங்கியதற்குத் தரும் வெறும் சிஎஸ்ஆர் ரசீதோடும் திரும்பாதீர்கள். வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்ஐஆர் போட்டே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. இன்னமும் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடக்கிறோம். எஃப்ஐஆர் நகல் இலவசம். ‘இன்ஸ்பெக்டர் நமக்கு வேண்டியவர்’ என்று வாசலில் வந்து பேசுகிறவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இதில் ஒரு விதிவிலக்கைப் பொறுமையாகப் படியுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, மூன்று வருடம் அல்லது அதற்கு மேல், ஆனால் ஏழு வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றமென்றால், டிஎஸ்பி அனுமதியோடு, எஃப்ஐஆர் போடும் முன் 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். இதைக் காட்டி எல்லாப் புகாரையும் தள்ளிப்போடப் பார்ப்பார்கள். வீட்டுக்குள் நடக்கும் திருட்டுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பிஎன்எஸ் சட்டத்தின் 305ஆவது பிரிவு, ஏழு வருடம் வரை தண்டனை. ஏழு என்பது ஏழுக்குக் குறைவு இல்லை. ஆகவே உங்கள் வீட்டில் திருடு போனால் அந்த 14 நாள் பொருந்தாது. மறுத்தால் புகாரை எஸ்பிக்கு, சென்னை போன்ற நகரமென்றால் துணை கமிஷனருக்கு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பெங்களூருக்குப் போகும்போது ஸ்டேஷனில் பூட்டிய வீடு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், காசு கிடையாது. நகையை லாக்கரில் வையுங்கள். கேமரா வேண்டுமென்றால் கடையில் நீங்களே வாங்கி, வாசலைப் பார்க்க மாட்டுங்கள். காவலாளி தேவையென்றால் நகர் சங்கமாகச் சேர்ந்து மாதச் சம்பளத்துக்கு வையுங்கள். காவலாளியை அனுப்பும் நிறுவனத்துக்கு 2005ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்று நகல் கேளுங்கள். தராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.