டிங்கி (டெங்கு) டெஸ்ட் நெகட்டிவ், காய்ச்சல் மட்டும் விடல: தோட்டத்துல வேலை செய்றவங்க கவனிக்க வேண்டியது

பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. வீட்டுக்காரர் செம்பனைக் குலை, அதாவது எண்ணெய்ப் பனையோட பழக்குலை வெட்டுறவர், போன வாரம் பூரா மழை, தண்ணி தேங்கி நிக்கிற இடத்துலதான் வேலை. இன்னியோட மூணு நாளா காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி வேற, கட்டில்ல இருந்து எறங்கவே முடியலயாம். ரெண்டாவது நாளே கிளினிக்குல டிங்கி டெஸ்ட் பண்ணி நெகட்டிவ்னு சொல்லி பனடோல் (பாராசிட்டமால்) குடுத்து அனுப்பிட்டாங்க. பக்கத்து வீட்டு அக்கா இது 'கென்சிங் திக்குஸ்', எலி மூத்திர நோய்தான்னு பயமுறுத்துறாங்க. பையனுக்கு எப்பவோ வாங்கின அமோக்சிசிலின் ஆன்டிபயாட்டிக் மாத்திரை பாதி மிச்சம் இருக்கு, அத குடுக்கலாமா, பிள்ளைங்களுக்கு ஒட்டுமா?

பதில மொதல்ல சொல்லிடறேன் தங்கச்சி. அந்த மாத்திரைய குடுக்காதீங்க, இன்னிக்கே திரும்ப கிளினிக்குக்கு கூட்டிட்டு போங்க. நான் லேப்ல பாக்டீரியா வைரஸ் பாக்குற ஆளு, மருந்து எழுதுற டாக்டர் இல்ல, அதனால ரத்தம் எங்ககிட்ட வந்தப்புறம் என்ன நடக்குதுங்குற பக்கத்துல இருந்து சொல்றேன், மருந்து முடிவு அங்க இருக்குற டாக்டரோடது.

டெஸ்ட் நெகட்டிவ்னு யாராச்சும் சொன்னா, அது காய்ச்சல் ஆரம்பிச்சு எத்தனாவது நாள் எடுத்த ரத்தம்னு கேக்கணும். டிங்கிக்கு மொத அஞ்சு நாள் பாக்குறது என்எஸ்1, அது வைரஸோட ஒரு புரதம். ஆனா ஏற்கனவே ஒரு தடவ டிங்கி வந்தவங்களுக்கு இந்த டெஸ்ட் தவற விடுறது கொஞ்சம் அதிகம், நம்ம ஊர்ல முன்ன வராதவங்க எத்தன பேரு சொல்லுங்க, அதனால ஒரு நெகட்டிவ வச்சு டிங்கி இல்லன்னு முடிவு கட்ட முடியாது. ஐஜிஎம் டெஸ்ட் நம்ம உடம்பு தயார் பண்ற எதிர்ப்புப் பொருள தேடுறது, அது தெரிய அஞ்சு நாள் கிட்ட ஆகும்.

எலி மூத்திர நோய், அதாவது லெப்டோஸ்பிரோசிஸ், சுருக்கமா லெப்டோ, லெப்டோஸ்பைராங்குற பாக்டீரியாவால வர்றது, இதுலயும் அதே கதைதான். மூணாவது நாள் ரேப்பிட் டெஸ்ட் எடுத்தா பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது, எதிர்ப்புப் பொருள் வர்றதுக்கே அஞ்சு ஏழு நாள் ஆகும். மொத வாரம்னா ரத்தத்துல கிருமியோட மரபணுவத் தேடுற பிசிஆர் டெஸ்ட் பண்ணலாம். கடைசியா உறுதிப்படுத்துற டெஸ்ட் எம்ஏடி, அதுக்கு பல வகை லெப்டோஸ்பைராவ லேப்ல உயிரோட வளத்து வச்சிருக்கணும், நோயாளியோட சீரத்த, அதாவது ரத்தம் ஒறஞ்சப்புறம் பிரியுற நீர, அதுங்களோட கலந்து இருட்டுப் பின்னணி மைக்ராஸ்கோப்புல எது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குதுன்னு பாக்கணும், அதுவும் பல நாள் இடைவெளி விட்டு ரெண்டு தடவ ரத்தம் எடுத்து ஒப்பிட்டாத்தான் அர்த்தம். கல்ச்சர், அதாவது ரத்தத்துல இருக்குற கிருமிய லேப்ல வளத்துப் பாக்குறது, அது போட்டா வாரக்கணக்குல ஆகும். இதெல்லாம் வர்ற வரைக்கும் ஆளு தாங்குவாரா? அதனாலதான் டாக்டருங்க சந்தேகம் வந்தாலே ரத்தத்த எடுத்துட்டு ரிசல்ட்டுக்கு காத்திருக்காம மருந்த ஆரம்பிப்பாங்க, லேசா இருந்தா வழக்கமா டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ரெண்டு வேளை ஏழு நாள், முத்திப்போச்சுன்னா பெனிசிலின் இல்ல செஃப்ட்ரியாக்சோன் ட்ரிப்புல.

அந்த சந்தேகம் டாக்டருக்கு வரணும்னா நீங்க வாயத் திறக்கணும். கிளினிக்குல "காய்ச்சல்"னு மட்டும் சொல்றதோட நிறுத்திடாதீங்க, செம்பனைத் தோட்டத்துல வேலை, எலி நெறைய, தண்ணிக்குள்ள நின்னாரு, மட்டை முள்ளு குத்தின காயம் இருந்தா அதையும், காய்ச்சல் இன்ன தேதி ஆரம்பிச்சுதுன்னு சொல்லுங்க. எலியோட கிட்னியில இந்த பாக்டீரியா குடியிருக்கும், எலிக்கு ஒண்ணும் ஆகாது, மூத்திரத்துல வந்து ஈர மண்ணு, தேங்குன தண்ணியில வாரக்கணக்குல உயிரோட இருக்கும், கால் காயம், கண்ணு, மூக்கு, வாய் வழியா நமக்குள்ள போகும். காய்ச்சல் வர்றது பெரும்பாலும் அஞ்சுலேருந்து பதினாலு நாள் கழிச்சு, முப்பது நாள் வரைக்கும் கூட போகலாம், அதனால போன மாசம் எங்க வேலைன்னும் யோசிச்சுட்டுப் போங்க. கெண்டைக்கால் வலியும், பீளை இல்லாம கண்ணு செவந்து இருக்குறதும் இதுல அடிக்கடி பாக்குறது. இது நம்ம நாட்டுக்கு புதுசும் இல்ல, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துல இருந்த ஃபிளெட்சர் 1925லயே மலாயாவுல இத பதிவு பண்ணிட்டாரு, ஆனா சுகாதார இலாகாவுக்கு கட்டாயம் தெரிவிக்கணும்னு சட்டத்துல வந்தது 2010லதான்.

இப்ப அமோக்சிசிலின். டிங்கி வைரஸ், ஆன்டிபயாட்டிக் அத ஒண்ணும் பண்ணாது. லெப்டோவுக்கு அமோக்சிசிலின் ஓரளவு கேக்கும், அதுலதான் சிக்கலே, பாதி அட்டை மாத்திரை நோய முழுசா தீக்காம லேப்ல கிருமி கெடைக்கிறத மட்டும் கெடுத்துவிடும். மூணாவதா மெலியோய்டோசிஸ்னு ஒண்ணு இருக்கு, அதுவும் மண்ணு தண்ணியில இருந்து வர்ற பாக்டீரியாதான், இனிப்புநீர் (சர்க்கரை வியாதி) உள்ளவங்களத்தான் அதிகமா தேடிப் பிடிக்கும், அதுக்கு அமோக்சிசிலின் பச்சைத் தண்ணி மாதிரி. 2010ல பகாங் லுபோக் யூவுல தண்ணியில விழுந்தவரத் தேடப் போனவங்களுக்கு மெலியோய்டோசிஸ், லெப்டோ ரெண்டும் வந்து சில பேரு இறந்தே போனாங்க. வீட்டுக்காரருக்கு இனிப்புநீர் இருந்தா அத டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

இன்னொரு பயமும் எனக்கு இருக்கு. மாத்திரை போட்டு நாலாவது அஞ்சாவது நாள் காய்ச்சல் எறங்கும், ஆஹா மருந்து வேலை செஞ்சிடுச்சுன்னு நெனைப்பீங்க. டிங்கியில காய்ச்சல் எறங்குற அந்த நேரத்துலதான் ரத்தக் குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு ஆள கவுத்துவிடும். லெப்டோவுலயும் ஒரு வாரம் கிட்ட ஆனதும் காய்ச்சல் விட்டுட்டு ரெண்டாவது சுற்று வரலாம். அதனால காய்ச்சல் விட்டாலும் வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், கண்ணு மஞ்சள், மூத்திரம் கொறையறது, இருமல்ல ரத்தம், மூச்சு வாங்குறது, ஆளு சோந்து கெடக்குறது இதுல எது தெரிஞ்சாலும் நேரா ஆஸ்பித்திரி எமர்ஜென்சிதான், கிளினிக் தொறக்கட்டும்னு இருக்காதீங்க. டிங்கி சந்தேகம் போற வரைக்கும் வலிக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் எதுவும் வேணாம், பனடோல் போதும்.

பிள்ளைங்களுக்கு ஒட்டுமான்னா, லெப்டோ ஆளுக்கு ஆளு பரவுறது ரொம்ப அபூர்வம், தட்டு டம்ளர தனியா வைக்கத் தேவையில்ல. டிங்கின்னா அவர கடிச்ச கொசு பிள்ளைங்கள கடிக்கும், அவர பகல்லயும் கொசு வலைக்குள்ள படுக்க வைங்க. சேறு பட்ட பூட்ஸ குளோரோக்ஸ் (பிளீச்) கலந்த தண்ணியில கழுவி வெயில்ல காய வைங்க, லெப்டோஸ்பைரா காஞ்சா செத்துடும்.

அவரோட அதே இடத்துல குலை வெட்டினவங்க, பழம் பொறுக்குன பொம்பளைங்க யாருக்காச்சும் காய்ச்சலான்னு மண்டோர்கிட்ட (தோட்டத்து மேற்பார்வையாளர்) இன்னிக்கே கேட்டு வைங்க, இருந்தா அவங்களையும் கூட்டிட்டு போங்க, ஒரே இடத்துல ரெண்டு பேருன்னு தெரிஞ்சா டாக்டரும் வேற மாதிரி பாப்பாரு.