கேள்வி – பதில்: மின்கம்பியின் காந்தப்புலம் செல்லை என்ன செய்யும்?

கேள்வி: எக்ஸ்ரே டி.என்.ஏ.வைச் சிதைக்கும் என்கிறார்கள். வீட்டு மின்சாரத்தின் புலமும் மின்காந்தம்தானே, அதுவும் சிதைக்காதா?

குடும்பம் ஒன்றுதான், பலம் வேறு. வேதிப்பிணைப்பு ஒன்றை அறுக்கச் சில எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் ஒரு ஃபோட்டானிடம், அதாவது மின்காந்த ஆற்றலின் மிகச் சிறிய பொட்டலத்திடம், இருப்பது ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் ஐந்து லட்சம் கோடியில் ஒரு பங்கு. எக்ஸ்ரே செய்வதை இது செய்ய வழியே இல்லை.

ஆனால் மாறும் காந்தப்புலம் உடலுக்குள் சிறு மின்புலத்தைத் தூண்டும். அதையும் கணக்குப் போட்டுவிடலாம். 50 ஹெர்ட்ஸ், 1 மைக்ரோ டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு) புலத்தில், உடலை 15 செ.மீ. ஆரமுள்ள வட்டமாகக் கொண்டால், தூண்டப்படும் மின்புலம் மீட்டருக்குச் சுமார் 24 மைக்ரோ வோல்ட். 10 மைக்ரான் ஆரமுள்ள செல்லின் சவ்வில் அதனால் கூடுவது ஒரு நானோ வோல்ட்டில் பாதிகூட இல்லை. சவ்வு இயல்பாகவே தாங்கும் மின்னழுத்தமோ சுமார் 70 மில்லிவோல்ட். வெப்பத்தால் மட்டுமே அதே சவ்வில் 10, 20 மைக்ரோ வோல்ட் அளவுக்கு ஏற்ற இறக்கம் ஓயாமல் நடக்கிறது. வீட்டுப் புலம் அந்த இரைச்சலில் கரைந்துபோகும்.

புலம் பல ஆயிரம் மடங்கு கூடினால் கதை வேறு. சில மில்லி டெஸ்லாவில், அதுவும் 20 ஹெர்ட்ஸ் அருகே, விழித்திரை தூண்டப்பட்டுக் கண்ணில் ஒளி மினுக்கும். இன்னும் கூடினால் நரம்பும் தசையும் துடிக்கும். இத்தகைய உடனடி விளைவுகளைத் தவிர்க்கத்தான் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. 2010இல் பொதுமக்களுக்கு 200 மைக்ரோ டெஸ்லா என வரம்பு வைத்தது.

கேள்வி: அப்படியானால், ஆய்வகத்தில் செல்கள் பாதிக்கப்பட்டதாக வரும் முடிவுகள்?

முதலில் காயிலை, அதாவது செல்களுக்குப் புலம் கொடுக்கும் கம்பிச்சுருளைப் பாருங்கள். 1 மில்லி டெஸ்லா உண்டாக்கும் காயில் சூடாகும். செல்களை வைக்கும் சூட்டுப்பெட்டியான இன்குபேட்டர் 37 டிகிரியைக் காட்டிக்கொண்டிருக்க, செல் வளரும் தட்டில் அரை டிகிரி ஏறினாலும் செல்லின் வெப்ப அழுத்தப் புரதங்கள் பதில் சொல்லத் தொடங்கலாம். அது புலத்தின் விளைவாகப் பதிவாகிவிடும். சரியான ஒப்பீட்டுக்கு இரட்டைக் கம்பியால் சுற்றிய காயில் வேண்டும். இரண்டு கம்பிகளிலும் மின்னோட்டம் எதிரெதிராக ஓடினால் சூடும் அதிர்வும் ஏறத்தாழ அதேதான், புலம் மட்டும் இருக்காது. எந்தத் தட்டு எது என்று செல்களை எண்ணுபவருக்குத் தெரியவும் கூடாது. வெறும் ‘அணைத்த காயிலுடன்’ ஒப்பிட்ட ஆய்வை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்தது தட்டின் கிடை. 35 மி.மீ. தட்டுக்குச் செங்குத்தாக 1 மில்லி டெஸ்லா போனால், விளிம்பில் மின்புலம் மீட்டருக்கு ஏறக்குறைய 2.7 மில்லிவோல்ட், நடுவில் கிட்டத்தட்ட பூஜ்யம். புலம் தட்டுக்கு இணையாகப் போனால், சில மி.மீ. ஆழத் திரவத்தில் அந்த விளிம்பு அளவின் சிறு பங்குதான் கிடைக்கும். ‘ஒரே அளவு புலம்’ என்று எழுதும் இரண்டு ஆய்வகங்கள் வேறுவேறு சோதனையைச் செய்திருக்கக்கூடும். இன்குபேட்டரின் விசிறி மோட்டாரும் ஹீட்டரும் தங்கள் பங்குக்குப் புலம் விடும். காயிலை இயக்காதபோதே தட்டு வைக்கும் இடத்தை அளக்க வேண்டும்.

கேள்வி: இந்தப் புலத்துக்குக் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு தொடர்பு என்பது பொய்யா?

பொய்யில்லை, நிரூபணமும் ஆகவில்லை. 1979இல் அமெரிக்காவின் டென்வரில் தொடங்கிய விவாதம் அது. 2000இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வீட்டில் சராசரியாக 0.4 மைக்ரோ டெஸ்லாவுக்கு மேல் இருந்த குழந்தைகளிடம் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகத் தெரிந்தது. அத்தகைய வீடுகள் மிகக் குறைவு. யார் ஆய்வில் பங்கேற்றார்கள் என்பதிலும் சாய்வு புகுந்திருக்கலாம். செல் அளவில் விளக்கம் கிடைக்கவில்லை. ஆகவே 2002இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐ.ஏ.ஆர்.சி. இந்தக் காந்தப்புலத்தை ‘2பி’, அதாவது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற சந்தேகப் பிரிவில் வைத்தது.

கேள்வி: படுக்கையருகே காந்தப்புல மீட்டர் 2 மைக்ரோ டெஸ்லா காட்டுகிறது. அலுமினியத் தாள் ஒட்டலாமா?

வீண் செலவு. 50 ஹெர்ட்ஸ் புலம் அலுமினியத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான அளவுக்குக் குறையவே 12 மி.மீ. தடிமன் வேண்டும். மூன்று திசையையும் ஒருசேர அளக்கும் மூன்று அச்சு மீட்டரா என்று முதலில் பாருங்கள். ஒற்றை அச்சு மீட்டரானால் மூன்று திசையிலும் திருப்பி அளந்து, ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். கைபேசிச் செயலி வேண்டாம். பூமியின் நிலைப்புலம்தான் அதில் பெரிதாகத் தெரியும்.

பிறகு மெயின் சுவிட்சை அணையுங்கள். அளவு விழுந்தால் காரணம் உங்கள் வீட்டு ஒயரிங். ஃபேஸும் நியூட்ரலும் ஒட்டியே போகும் கேபிளில், கம்பிகளுக்கு இடையே 3 மி.மீ. என்றால், 10 ஆம்பியரில் 1 மீட்டர் தள்ளி 0.006 மைக்ரோ டெஸ்லாதான். நியூட்ரல் வேறு வழியாகத் திரும்பினால் ஒற்றைக் கம்பி போலாகி, அதே இடத்தில் 2 மைக்ரோ டெஸ்லா. எலக்ட்ரீஷியன் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து, கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பிடித்தால் பூஜ்யம் வர வேண்டும். ஆம்பியர் கணக்கில் காட்டினால், நியூட்ரல் எங்கோ எர்த்துடனோ வேறு சர்க்கியூட்டின் நியூட்ரலுடனோ சேர்ந்திருக்கிறது. புற்றுநோய் பயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைச் சரிசெய்தாக வேண்டும். அது மின் விபத்துக்கான வழி. போர்டைத் திறப்பது உங்கள் வேலை அல்ல.

மெயினை அணைத்தும் அளவு குறையவில்லையா? மூலம் வெளியே இருக்கிறது. சுவருக்கு மறுபக்கம் டிரான்ஸ்ஃபார்மரோ மெயின் கேபிளோ போகிறதா என்று பாருங்கள், கட்டிலை நகர்த்துங்கள். டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார் போன்றவற்றின் புலம் தூரத்தின் முப்படிக்கு ஏற்பக் குறையும். இரு மடங்கு தள்ளினால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும்.