வேலையை விட்டுவிட்டு மனைவியைக் கவனித்துக்கொள்ளலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். வயது 44. கைக்கு வரும் சம்பளம் 52,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 14,500, சீட்டு 5,000. மகள் பிளஸ் ஒன், மகன் ஆறாம் வகுப்பு. ஆகஸ்டில் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. கோவையில் அறுவை சிகிச்சை முடிந்து, எட்டு கீமோவில் மூன்று ஆகிவிட்டது. அடுத்தது டிசம்பர் 20. பிறகு ரேடியேஷனுக்கு 1,60,000 ரூபாய் என்கிறார்கள். கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் 5 லட்சம், ஏப்ரல் 1-ல் புதுப்பிப்பார்கள். அதில் அறுவை சிகிச்சைக்கு 2,70,000 போய்விட்டது. ஒவ்வொரு கீமோவுக்கும் 22,000 போகிறது. கீமோ முடிந்து மூன்று நாலு நாள் அவளால் எழுந்திருக்கவே முடிவதில்லை. மகள்தான் சமைத்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். வேலையை விட்டு, பி.எஃப். பணத்தை வைத்து ஆறு மாதம் வீட்டில் இருக்கலாமா? பல்லடம் பக்கம் இருக்கும் 4 சென்ட் மனையை விற்கச் சொல்கிறார் மச்சான். மனைவியோ தன் நகையை விற்கச் சொல்கிறாள்.

பதில்: வேலையை மட்டும் விடாதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

உங்கள் மனைவியின் சிகிச்சைக்குப் பணம் தருவது அந்த குரூப் பாலிசி. பொதுவாக நீங்கள் வேலையைவிட்டு நின்ற நாளோடு அதுவும் நின்றுவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசியாக மாற்றக் கேட்கலாம்தான். ஆனால் பாதி சிகிச்சையில் இருப்பவரை ஏற்பதா வேண்டாமா என்பது அவர்கள் கையில். வெளியே புதிதாக எடுக்கலாம் என்ற நம்பிக்கையே வேண்டாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு அது பொருந்தாது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். அறுவை சிகிச்சை, மூன்று கீமோ சேர்த்து 3,36,000 போயிருக்கிறது. மீதி 1,64,000. இன்னும் ஐந்து கீமோவுக்கு 1,10,000. ஆக, பாலிசியில் 54,000 நிற்கும். ரேடியேஷனுக்கு 1,06,000 துண்டு விழுகிறது. இதைப் பார்த்துத்தான் நீங்கள் பயந்திருப்பீர்கள்.

ஆனால் தேதிகளையும் பாருங்கள். 21 நாளுக்கு ஒன்று என்றால் கடைசி கீமோ மார்ச் 14 வாக்கில் வரும். அதன்பின் சில வாரம் இடைவெளி விட்டுத்தான் பெரும்பாலும் ரேடியேஷன் தொடங்குவார்கள். அதற்குள் ஏப்ரல் வந்து, பாலிசி புதுப்பிக்கப்பட்டிருந்தால் மறுபடி முழு 5 லட்சம் இருக்கும். நாளையே எச்.ஆரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: புதுப்பிப்பது உறுதியா, தொகை குறையுமா, ரேடியேஷனுக்கோ நவீன சிகிச்சைகளுக்கோ தனி உச்சவரம்பு இருக்கிறதா. பாலிசிக்காக ரேடியேஷனைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. தேதியை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மார்ச்சிலேயே தொடங்கச் சொன்னால் தொடங்குங்கள், துண்டு விழும் பணத்துக்கு வழி இருக்கிறது.

அந்த வழி பி.எஃப். அதற்கு ராஜினாமா தேவையில்லை. வேலையில் இருந்துகொண்டே மனைவியின் புற்றுநோய் சிகிச்சைக்கு முன்பணம் எடுக்கலாம். திருப்பிக் கட்ட வேண்டாம். உங்கள் பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணோடு ஆதார், வங்கிக் கணக்கு, பான் மூன்றும் சரியாக இணைந்திருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள். பணம் தேவைப்படும் வாரத்தில் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று விண்ணப்பம் திரும்பி வருவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

அடுத்தது வீடு. ஆறு மாதம் சம்பளம் இல்லாவிட்டால் 3,12,000 ரூபாய் போகும். உங்கள் கடிதப்படி கடினமான நாட்கள் ஒரு கீமோவுக்கு நாலு. ஐந்து கீமோவுக்கு இருபது நாள். சேர்ந்திருக்கும் விடுப்பைக் கணக்கெடுத்து அந்த இருபது நாளுக்கும் இப்போதே எழுதிக் கொடுங்கள். மேலாளரிடம் தேதிகளை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஷிப்மென்ட் நெருக்கடியில் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம். காலையில் இட்லி ஊற்றி, மதியத்துக்கும் சோறு குழம்பு வைத்துவிட்டுப் போக அக்கம்பக்கத்தில் ஓர் அக்காவை மாதச் சம்பளத்துக்குப் பிடியுங்கள். இதை ஆடம்பரம் என்று நினைத்துத்தான் பலர் மகளிடம் கரண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த வருடம் பிளஸ் டூ எழுதப் போகிற பெண் அவள். ரேடியேஷன் சமயத்தில் வாரத்துக்கு ஐந்து நாள் கோவை போய்வர வேண்டியிருக்கும். மாமியாரோ மச்சானோ அப்போது துணைக்குப் போகட்டும். மனையைப் பற்றி யோசனை சொன்னவரிடம் இதைக் கேட்பதில் தப்பில்லை.

மருந்துக் கடை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை பில்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். பல பாலிசிகளில் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய 30 நாள், வீடு திரும்பிய பிந்தைய 60 நாள் செலவையும் கேட்டு வாங்கலாம். வரிச் சலுகைக்காக ஓட வேண்டாம். புதிய வரி முறையில் உங்கள் சம்பளத்துக்கு வரியே வராது. சென்னைக்கு இரண்டாவது கருத்து கேட்கப் போவதானால் மருத்துவமனைச் சான்றோடு ரயில் சலுகை கேளுங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணம் கிடையாது, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் குறையும்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. பயாப்ஸி அறிக்கையில் ஹெர்-2 பாசிட்டிவ் (புற்றுநோய் செல்லில் ஹெர்-2 என்ற புரதம் அதிகம்) என்று வந்திருந்தால் டிராஸ்டுசுமாப் ஊசியை மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஏறக்குறைய ஒரு வருடம் போட வேண்டியிருக்கலாம். பெரிய செலவு அதுதான். இந்தியாவில் தயாராகும் மாற்று பிராண்டுகள் விலை குறைவு. டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். ஹார்மோன் ரிசெப்டர் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால் வளரும் வகை என்றால் மாத்திரை ஐந்து வருடமாவது போகும். அது ஜெனரிக்கில் மாதச் செலவுக்குள் அடங்கிவிடும்.

ஹெர்-2 ஊசி தேவை, பாலிசியும் போதாது என்றால் மட்டுமே மனை. அப்போதும் முதலில் நகையை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைத்துச் சமாளித்துக்கொண்டு, மனைக்கு நிதானமாக ஆள் தேடுங்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்கிறார்கள் என்று தெரிந்தால் புரோக்கர் கேட்கும் விலையே வேறு. சீட்டையும் தள்ளி எடுக்காதீர்கள், ஓடட்டும்.

நகை உங்கள் மனைவியுடையது. விற்பதா, அடகா, தொடவே வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். ஆனால் மேலே உள்ள கணக்கை ஒரு நோட்டில் எழுதி, அவர் உட்கார முடிகிற ஒரு நாளில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். 1,06,000 ரூபாய், அதுவும் ஒருவேளை வராமலே போகலாம் என்று தெரியாமல்தான் அவர் நகையை விற்கச் சொல்லியிருப்பார். ஏப்ரல் முதல் வாரத்தில் பாலிசி புதுப்பித்தாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். அதுவரை மனைப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.