ஓடுவதற்கு முதுகலையா?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நானும் சுங்கை சிப்புட்காரன்தான். வயது 26. அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் விளையாட்டு அறிவியல் பட்டம் முடித்து, மூன்று ஆண்டுகளாக ஈப்போவில் ஓர் உடற்பயிற்சிக்கூடத்தில் பயிற்றுநராக இருக்கிறேன். உடல் எப்படி அசைகிறது என்று ஆராயும் கினிசியாலஜியில் முதுகலை படிக்க ஆசை. கனடாவில் படித்தால்தான் மதிப்பு என்கிறார்கள் நண்பர்கள். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டணத்தைப் பார்த்தபின் இரண்டு நாள் தூக்கமில்லை. வீட்டை அடகு வைக்கலாம் என்கிறார் அப்பா. அத்தையோ, "ஓடுவதற்கும் குதிப்பதற்கும் ஒரு முதுகலையா? பேசாமல் ஆசிரியர் பயிற்சிக்குப் போ" என்கிறார்.

அப்பா 22 ஆண்டுகள் செம்பனைக் குலை வெட்டியவர். இப்போது கழுத்தைத் திருப்ப முடியவில்லை. காரைப் பின்னால் எடுக்கும்போது நான் நின்று கைகாட்ட வேண்டும். அவரைப் போன்றவர்களைக் குணப்படுத்தத்தான் இந்தப் படிப்பை நினைத்தேன். படிக்கலாமா? எங்கே படிப்பது? இலக்கியம் எழுதுகிற உங்களிடம் இதைக் கேட்கலாமா என்றும் தெரியவில்லை.

க., சுங்கை சிப்புட்

அன்புள்ள க.,

தாராளமாகக் கேட்கலாம். கடிதத்தைச் சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறேன். வெட்டியதில் பெரும்பகுதி கனடா. அப்பாவின் கழுத்தைப் பற்றிய வரிகளில் கை வைக்கவில்லை.

முதலில் 'குணப்படுத்த' என்ற சொல்லுக்கு வருகிறேன். கினிசியாலஜி முதுகலை உங்களை இயன்முறை மருத்துவராக்காது, அதாவது பிசியோதெரபிஸ்ட் ஆக்காது. மலேசியாவில் அந்தத் தொழிலுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். அதற்கென்று தனிப் பட்டம் இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் கினிசியாலஜிஸ்ட் என்பது 2013 முதல் சட்டப்படி பதிவுசெய்யப்படும் தொழில். அந்தப் பதிவுக்கும் அடிப்படை இளநிலைப் பட்டமும் தேர்வும்தான். நோயாளியின் கழுத்தில் கை வைத்துச் சிகிச்சை தருவதே உங்கள் ஆசையென்றால், முதுகலையை விட்டுவிட்டு இயன்முறை மருத்துவத்தில் மறுபடியும் முதலாண்டிலிருந்து தொடங்குங்கள். 26 ஒரு வயதே இல்லை.

அந்தக் கழுத்து ஏன் அப்படியானது என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? அப்படியானால் இது உங்கள் படிப்பு.

தமிழில் இதை உடலியக்கவியல் என்கிறார்கள். உடலியங்கியல் என்றால் அது வேறு, பிசியாலஜி. இந்த இரண்டு சொற்களையும் உண்டாக்கியவர் யாராக இருந்தாலும் மாணவர்கள் மேல் அவருக்கு இரக்கம் இருந்திருக்காது.

1974ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் அம்மா என்னைப் பால்காட்டுக்கு, அதாவது அவர் பால்வெட்டும் ரப்பர் தோட்டத்துக்கு, அழைத்துப் போனார். விடிவதற்கு முன்பே, இருட்டில். வெயில் ஏறுவதற்கு முன்தான் மரத்துக்குள் பாலின் அழுத்தம் கூடுதல். நேரம் போனால் பால் வடியும் மங்கு நிறையாது. உளியை என் கையில் கொடுத்து ஒரு மரத்தைக் காட்டினார். வெட்டு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரிய வேண்டும். பட்டையைச் சீவலாம், அதற்குள் இருக்கும் உயிர்ப்படலத்தைத் தொடக்கூடாது. நடுவில் விட்டுவைக்கும் பட்டை ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. நான் மணிக்கட்டை இறுக்கி, முழங்கையை இறுக்கி, மூச்சையும் பிடித்துக்கொண்டு இழுத்தேன். உளி உள்ளே இறங்கி வெள்ளைக் கட்டை தெரிந்தது. அப்படிக் காயப்பட்ட இடத்தில் புதுப் பட்டை முண்டு முண்டாக வளரும், பிறகு அங்கே உளி ஓடாது. கங்காணி வருவதற்குள் அம்மா மண்ணைக் குழைத்துக் காயத்தில் பூசினார். "கையால இழுக்காதடா, கால நகத்து" என்றார். அவர் வெட்டுவதை அன்றுதான் நின்று பார்த்தேன். கால் மரத்தைச் சுற்றி மெல்ல நகர்ந்தது, இடுப்பு திரும்பியது, உளி பிடித்த கை சும்மா கூடவே போனது போலிருந்தது. எவ்வளவு ஆழம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கை சொல்லும்" என்றார். எரிச்சலாக இருந்தது.

அந்தப் பதிலுக்கு விளக்கம் கிடைக்க எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நிக்கலாய் பெர்ன்ஸ்டைன் என்ற ரஷ்யர் 1920களில் மாஸ்கோவின் மத்தியத் தொழிலாளர் ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்தார். அவர் ஆராய்ந்தது ஒலிம்பிக் வீரர்களை அல்ல, உளிமேல் சுத்தியல் அடிக்கும் தொழிலாளிகளை. கைகளில் சிறு விளக்குகளைக் கட்டிப் படமெடுத்தார். தேர்ந்த தொழிலாளியின் தோளும் முழங்கையும் ஒவ்வோர் அடிக்கும் வெவ்வேறு பாதையில் போயின. சுத்தியல் மட்டும் அதே இடத்தில் இறங்கியது. ஒரு மூட்டு செய்யும் பிழையை இன்னொரு மூட்டு போகிற போக்கில் சரிக்கட்டிவிடுகிறது. புதிதாகக் கற்றுக்கொள்பவன் மூட்டுகளைப் பூட்டிக்கொள்கிறான் என்றும் பெர்ன்ஸ்டைன் எழுதினார். அதைப் படித்தபோது அந்த மரமும் வெள்ளைக் கட்டையும் அப்படியே கண்முன் வந்தன. அம்மா அப்போது உயிரோடு இல்லை.

நீங்கள் படிக்க நினைப்பது பெர்ன்ஸ்டைன் பெரும்பங்கு ஆற்றிய துறை. அதற்குத் தோட்டத்து லயத்திலிருந்து ஒருவர் போவதில் வியக்க என்ன இருக்கிறது?

இப்போது எங்கே என்ற கேள்வி. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1967லேயே கினிசியாலஜிக்கென்று துறை தொடங்கியது, நல்ல மரபுதான். நம் நாட்டில் அதே பாடங்கள் பெரும்பாலும் விளையாட்டு அறிவியல் என்ற பெயரில் இருக்கின்றன: மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் குபாங் கிரியான் வளாகம், தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். கடைசியாகச் சொன்னது நம் ஊரிலிருந்து அதே ரயில் பாதையில். பட்டத்தின் பெயரைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள், உயிர்விசையியலும் (உடலில் விசைகள் வேலை செய்யும் விதம்) இயக்கக் கட்டுப்பாடும் (மூளையும் நரம்பும் அசைவை நடத்தும் விதம்) நடத்துகிறார்களா என்று பாருங்கள். பாடவழி முதுகலை, ஆய்வுவழி முதுகலை என்று இரண்டு உண்டு. உங்களுக்கு ஆய்வுவழி. அதில் மேற்பார்வையாளர் அமைவதுதான் முக்கால் பங்கு வேலை. விண்ணப்பத்துக்கு முன்பே அவருக்கு ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கனடாவிலும் ஆய்வு மாணவர்களுக்குப் பல துறைகள் உதவியாளர் சம்பளம் தருகின்றன. உங்களைத் தூங்கவிடாத அந்தக் கட்டணம், சொந்தக் காசில் படிக்கும் பாடவழிப் படிப்புக்கானதாக இருக்கலாம். மறுபடி பாருங்கள். எதுவானாலும் வீட்டை அடகு வைக்காதீர்கள். அப்பா நீட்டினாலும் வாங்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. 'அப்ளைடு கினிசியாலஜி' என்ற பெயரில் கையை நீட்டச்சொல்லி, அமுக்கிப் பார்த்து, உடலில் என்ன குறை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) மண்டபம் ஒன்றிலும் ஒருவர் வந்து என் கையை அமுக்கிவிட்டு மாத்திரை விற்கப் பார்த்தார். 1964இல் அமெரிக்கக் கைரோபிராக்டர் ஒருவர், அதாவது முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சிகிச்சை தருபவர், தொடங்கிவைத்த வேலை அது. முறையாகச் சோதித்தபோது பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிட மேலாகத் தேறவில்லை. இணையத்தில் தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அத்தைக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா? 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இருந்தது, நம்மவர்களிடையே இன்னும் கூடுதல். வேலை செய்யும் தசை, இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலிலும் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். தினமும் தோட்டத்தில் மரங்களுக்கிடையே நிரை நிரையாக நடந்தவர்கள் அடுக்குமாடிக்குக் குடிவந்து உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதும் உங்கள் பாடத்தில் ஒரு பகுதிதான். அத்தையிடம் வாதாட வேண்டாம். மாலையில் திடலுக்கு அழைத்துப் போங்கள்.

மேற்பார்வையாளருக்கான அந்த ஒரு பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், மொழியைப் பார்த்துத் தருகிறேன். ஆனால் அதற்குமுன் சில விவரம் வேண்டும். செம்பனை வளர வளர அரிவாள் கட்டிய கம்பும் நீளும். அண்ணாந்து பார்த்துக்கொண்டே இழுக்க வேண்டும். அப்பாவுக்குக் கழுத்து எந்தப் பக்கம் திரும்பவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. இடப்பக்கமா, வலப்பக்கமா? கம்பைப் பிடிக்கும்போது எந்தக் கை மேலே இருக்கும்? வாயால் கேட்காதீர்கள், அவருக்கும் தெரிந்திருக்காது. ஒரு துடைப்பக் கட்டையைக் கொடுத்து, பிடித்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.