பிரிண்டருக்கு எதற்கு வாடகை முகவரி?

கேள்வி: மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று எங்கள் சிறிய அலுவலகத்தில் இரண்டாவதாக ஒரு ரவுட்டர் மாட்டினோம். அதில் சேர்த்த பிரிண்டர் மாடியில் ஓடுகிறது. கீழே உள்ள கணினிகளுக்குத் தெரியவே இல்லை. கணினியின் முகவரி 192.168.1.20, பிரிண்டருடையது 192.168.0.15. நெட்வொர்க் போட்டுத் தந்தவர், "ஸ்டாட்டிக் ஐபி வாங்குங்கள், மாதச் சந்தா ஆகும்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். கோளாறு நீங்கள் எழுதிய இரண்டு எண்களிலேயே இருக்கிறது. மூன்றாவது எண்ணைப் பாருங்கள்: ஒன்றில் 1, மற்றதில் 0. எந்த முகவரிகள் தன் நெட்வொர்க்கைச் சேர்ந்தவை என்று கணினிக்குச் சொல்லும் சப்நெட் மாஸ்க், உங்கள் கணினியில் 255.255.255.0 என்றுதான் இருக்கும். 255 நிற்கும் இடங்களில் எண்கள் ஒத்துப்போனால் 'நம்ம ஆள்' என்று கணினி நேரடியாகப் பேசும். இல்லையென்றால் கேட்வேயிடம், அதாவது கீழ் ரவுட்டரிடம், தள்ளிவிடும். அதற்கு 192.168.0 என்பது எங்கே என்றே தெரியாது. மாடி ரவுட்டரோ தன் பின்னால் இருப்பவர்களை வெளியே போகவிடும், வெளியிலிருந்து யாரையும் உள்ளே விடாது. மாடியில் இன்டர்நெட் வருவதும் கீழே பிரிண்டர் வராததும் இதனால்தான்.

இப்போது அந்த ஸ்டாட்டிக் ஐபி. இந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதுதான் இடைத்தரகர்களுக்கு வசதி. உள்ளே ஒரு கருவிக்கு மாறாத எண் கொடுப்பதும் ஸ்டாட்டிக் ஐபிதான். அதை நீங்களே கொடுக்கலாம், காசு கிடையாது. இன்டர்நெட் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுக்கும் வெளி முகவரியும் ஸ்டாட்டிக் ஐபிதான். முன்னதைச் சொல்வதுபோல் சொல்லிப் பின்னதை விற்பார்கள். 192.168 என்று தொடங்குபவை எல்லாம் உள் உபயோகத்துக்கென்று RFC 1918 என்ற 1996ஆம் ஆண்டின் இன்டர்நெட் ஆவணம் ஒதுக்கிவைத்தவை. யாரும் யாருக்கும் விற்க முடியாது. வெளியூரிலிருந்து உங்கள் கேமராவையோ சர்வரையோ பார்க்க வேண்டுமென்றால் வெளி முகவரி பற்றி யோசிக்கலாம். பக்கத்து அறைக்குக் காகிதம் அச்சடிக்க அது எதற்கு?

அடுத்து யாராவது "மாஸ்க்கை 255.255.0.0 ஆக்குங்கள், இரண்டும் ஒன்றாகிவிடும்" என்பார். ஆகாது. கணினி பிரிண்டரைத் தன் கம்பியிலேயே இருப்பதாக நினைத்துக் கூப்பிடும். நடுவில் மாடி ரவுட்டர் நிற்பதால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர் 255.255.254.0 என்பார். இதை மட்டும் விளக்காமல் விட மனம் வரவில்லை. மூன்றாவது எண் ஒன்றாக இருக்கும் முகவரிகளை ஒரு தொகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாஸ்க் அப்படி இரண்டு தொகுதிகளைச் சேர்த்து, கருவிகளுக்குக் கொடுக்க 510 முகவரி தரும். ஆனால் ஜோடியின் மூன்றாவது எண் இரட்டைப்படையில்தான் தொடங்க வேண்டும்: 0உம் 1உம் சேரும், 2உம் 3உம் சேரும், 1உம் 2உம் அடுத்தடுத்து இருந்தாலும் சேரா. அப்புறம், அதில் 192.168.0.255 சாதாரணக் கருவிக்கே கொடுக்கக்கூடிய முகவரி. '255இல் முடிந்தால் கொடுக்கக் கூடாது' என்று மனப்பாடம் செய்தவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். முகவரிகளை மாறாத அளவுகளில் பிரித்த, 1993இலேயே கைவிட்ட ஏ, பி, சி வகுப்புகளை இன்னும் தேர்வில் கேட்டுக்கொண்டிருந்தால் வேறென்ன வரும்? சரி, உங்களுக்கு இதுவும் உதவாது; நடுவில் அதே ரவுட்டர்தான் நிற்கிறது.

ஆகவே அது ரவுட்டர் வேலை பார்ப்பதை நிறுத்துங்கள். அதன் செட்டிங்கில், வைஃபையை மட்டும் பரப்பும் 'ஆக்சஸ் பாயின்ட்' என்றொரு வசதி இருக்கும். பெட்டியின் மேலேயே பெரிதாக எழுத வேண்டியதை நாலு மெனுவுக்குள் ஒளித்துவைப்பது தயாரிப்பாளர்களின் வழக்கம், தேடிப் பாருங்கள். இல்லையென்றால், அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். கீழ் ரவுட்டர் அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அதில் கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, கீழிருந்து வரும் கேபிளை 'இன்டர்நெட்' துளையிலிருந்து பிடுங்கி 'லேன்' துளையில் செருகுங்கள்.

பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் அதற்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரி வரும். கீழ் ரவுட்டரில் அந்த எண்ணைப் பிரிண்டருக்கென்றே ஒதுக்கிவையுங்கள். மாடிக் கணினிகளில் பழைய பிரிண்டரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கும். அவை இன்னும் 192.168.0.15ஐயே தேடிக்கொண்டிருக்கும்.