கத்திரி வெயிலுக்கு எந்த மலை ஏறலாம்? வாசகர் கேள்வி பதில்

கோடைப் பயணம் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு மூலையில் சின்னதாகப் போட்டிருந்தோம். வந்த கேள்விகளில் பாதி ‘ஊட்டியா, கொடைக்கானலா’தான். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவை அப்புறம்.

கேள்வி: நானும் மனைவியும், 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள், எழுபதைத் தாண்டிய மாமனார் மாமியார். மே இரண்டாவது வாரம் நான்கு நாள் லீவு போட்டிருக்கிறேன். ஏழு பேர் உட்காரும் சொந்தக் கார் இருக்கிறது. ஊட்டி போகலாமா, கொடைக்கானல் போகலாமா? (திருச்சி)

குளிர்தான் கணக்கு என்றால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தில் 37 டிகிரி கொதிக்கும்போது அதற்கு 1,900 மீட்டர் மேலே இருக்கிற ஊட்டியில் 25ஐ ஒட்டித்தான் இருக்கும், மேகம் போட்ட நாளில் அதற்கும் கீழே. மலையின் பெயரை விட்டுவிட்டு உயரத்தைப் பாருங்கள் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இதற்காகத்தான்.

ஆனால் உங்கள் வீட்டு நிலவரத்தில் எனக்குக் கவலை குளிரைப் பற்றி இல்லை. அந்த நான்கு நாளில் எத்தனை மணி நேரம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள்? மே இரண்டாவது வாரம் என்றால் பள்ளி விடுமுறை, அக்னி நட்சத்திரம், மலர்க் கண்காட்சி நெரிசல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். சில வருடங்களுக்கு முன் இதே மே மாதம் பர்லியாறுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் இரண்டரை மணி நேரம் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற வேனிலிருந்து ஒரு பாட்டி இறங்கி, சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து பேரனுக்குப் புளியோதரை ஊட்டினார். அவன் சாப்பிட்டு, கை கழுவி, பாட்டி மடியிலேயே ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகும் எங்கள் வண்டிகள் அதே கல்லுக்குப் பக்கத்தில்தான் நின்றன. மிச்சம் இருந்த புளியோதரையை ஒரு குரங்கு வாளியோடு தூக்கிக்கொண்டு போனது. ஊட்டி போய்ச் சேர்ந்தபோது பூங்காவைப் பூட்டியிருந்தார்கள்.

அதனால் உங்களுக்கு என் யோசனை கோத்தகிரி. சுமார் 1,800 மீட்டர். ஊட்டியைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதல்தான், திருச்சியிலிருந்து வருகிறவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. நான் முதல் தடவை போனபோது அறையில் மின்விசிறியே இல்லையே என்று வரவேற்பில் சண்டை போட்டுவிட்டு வந்தேன், ராத்திரி எட்டு மணிக்கு அதே ஆளிடம் போய் இன்னொரு கம்பளி கேட்டு நின்றேன். அங்கே தங்கிக்கொண்டு ஒரு நாள் கோடநாடு காட்சிமுனை, ஒரு நாள் குன்னூர். ஊட்டி பார்த்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் சனி, ஞாயிறு இல்லாத நாளில் காலை ஏழு மணிக்கே கிளம்பிப் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். மே மாதத்தில் மதியத்துக்கு மேல் திடீரென்று இடி மின்னலோடு கோடை மழை கொட்டுவது மலையில் சகஜம், ஆகவே சுற்றுவதை எல்லாம் காலையிலேயே முடித்துவிடுவது எப்படியும் நல்லது.

அறை பதிவு செய்யும்போது ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: ரோட்டிலிருந்து அறைக்கு எத்தனை படி? மலைச்சரிவில் கட்டிய வீடுகள், போட்டோவில் அழகாக இருக்கும், போய்ப் பார்த்தால் நாற்பது படி கீழே இருக்கும். மாமியாருக்கு முட்டி வலி என்றால் நான்கு நாளும் அறைக்குள்ளேயே போய்விடும்.

தூரம் குறைவு என்பதால் கொடைக்கானல்தான் என்று முடிவெடுத்தால் ஏரியைச் சுற்றித் தங்காதீர்கள். ஊருக்கு வெளியே தங்கி, ஏரியைக் காலை ஆறரைக்கு, குதிரைகளும் சைக்கிள்களும் வருவதற்கு முன் ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுங்கள். பூம்பாறைக்கு ஒரு நடை போய் வாருங்கள், குழந்தை வேலப்பர் கோயிலும் படிப்படியான பூண்டுத் தோட்டங்களும் பெரியவர்களுக்குப் பிடிக்கும். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, மாமியார் எப்படியும் இரண்டு கிலோ வாங்காமல் வரமாட்டார், டிக்கியில் இடம் விட்டு வையுங்கள்.

இரண்டில் எங்கே போனாலும் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கையும் கட்டுப்படுத்தினார்கள்: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. கோத்தகிரியும் நீலகிரி மாவட்டம்தான், ‘நாங்கள் ஊட்டி போகவில்லையே’ என்று குஞ்சப்பனைச் சாவடியில் வாதாடிப் பயனில்லை. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. சீசனில் ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்குவதற்கு ஒரு பாதை என்று மாற்றிவிடுவதும் வழக்கம், கிளம்பும் அன்று விசாரித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் நீலகிரியில் தடை. எவர்சில்வர் பாட்டில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டால் சாவடியில் பிடுங்கிப் போடுவதைப் பார்த்து வயிறு எரிய வேண்டாம்.

கேள்வி: சனி, ஞாயிறு இரண்டு நாள்தான். கார் இல்லை. ஏலகிரி போனால் சில்லென்று இருக்குமா? (சென்னை)

இருக்காது என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர்தான். கீழே ஜோலார்பேட்டையைவிட நான்கைந்து டிகிரி குறையும், அவ்வளவே. ஜோலார்பேட்டையில் 40 அடித்தால் மேலே மத்தியானம் 35. ராத்திரியும் விடியற்காலையும் அருமையாக இருக்கும். சென்னையின் பிசுபிசுப்பு இல்லை என்பதே ஒரு சுகம், அதை ஒப்புக்கொள்கிறேன். ரயிலில் ஜோலார்பேட்டை, அங்கிருந்து பதினான்கு வளைவு, போக்குவரத்துத் தொல்லை குறைவு. குளிர் என்று ஆசைப்பட்டுப் போகாமல், ஓய்வு என்று நினைத்துப் போங்கள்.

ராத்திரி ரயில் ஏற முடியும் என்றால் ஏற்காடு மேல். 1,500 மீட்டர். சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறையும், காப்பித் தோட்டத்து நிழல் வேறு. ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர அது ஈரோடு போகிற ரயில், விடிவதற்கு முன்பே உங்களைச் சேலத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். ஜன்னல் சீட்டும் ஒரு தேநீரும் கிடைத்தால் முதல் பஸ்ஸில் ஏறி இருபது கொண்டை ஊசி வளைவையும் தூக்கத்திலேயே தாண்டிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை ஏரிப்பக்கம் மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: மே மாதம் குற்றாலம் போகலாமா? (மதுரை)

பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். குற்றாலச் சீசன் என்பது தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் பிடித்து, செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கும்போதுதான், அதாவது ஜூன் முதல் வாரத்துக்கு அப்புறம். குற்றாலம் உயரமான ஊரே இல்லை, மலை அடிவாரம். அங்கே குளிர்ச்சி என்பது காற்றும் சாரலும் கொடுப்பது, அவை வராத மே மாதத்தில் தென்காசியில் என்ன வெயிலோ அதே வெயில்தான். கோடை மழை பெய்து அருவி விழுகிறது என்று செய்தி வந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மேலே மலையில் பெய்கிற மழை கீழே குளிக்கிறவனுக்குத் தெரியாது. ஜூலையில் போங்கள்.

கேள்வி: மலை ரயிலில் போக வேண்டும் என்பது பல வருட ஆசை. ஒவ்வொரு கோடையிலும் டிக்கெட் கிடைப்பதில்லை. ஏதாவது வழி? (விழுப்புரம்)

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை ஏழு மணியை ஒட்டிக் கிளம்புகிற வண்டிக்குத்தான் எல்லாரும் அடித்துக்கொள்கிறார்கள். 46 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் சட்டம் இருக்கும், எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வித்தான் ஏறும். பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி உயரம் என்கிற ஏற்றம், வேறு எப்படி ஏற முடியும்? 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் ஓட ஆரம்பித்தது, 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது.

முன்பதிவு திறக்கிற அன்று காலையிலேயே உட்கார வேண்டும், இப்போது 60 நாளுக்கு முன் திறக்கிறது. அதுவும் நடக்கவில்லை என்றால் குன்னூரிலிருந்து ஊட்டி வரை மட்டும் போங்கள். ஒன்றேகால் மணி நேரம், ஒரு நாளைக்குச் சில வண்டிகள் ஓடுகின்றன, லவ்டேல், கேத்தி பள்ளத்தாக்கு எல்லாம் இந்தப் பகுதியில்தான் வரும். பல்சக்கரம் இங்கே கிடையாது, நீராவி எஞ்சினும் இருக்காது, டீசல்தான். புகையும் சத்தமும்தான் ஆசை என்றால் ஏமாற்றமாக இருக்கும், பிள்ளைகளுக்கு இது போதும். இறங்குகிற வண்டிக்கு ஏறுகிற வண்டியைவிடப் போட்டி குறைவு என்பது என் அனுபவம். பலத்த மழை பெய்து மண் சரிந்தால் திடீரென்று ரத்து செய்துவிடுவார்கள், பஸ்ஸுக்குக் கையில் காசும் மனதில் தெம்பும் இருக்கட்டும்.

கேள்வி: ஊட்டியிலேயே வெயில் கொளுத்துகிறதாமே, அப்புறம் எதற்கு அங்கே போக வேண்டும்? (ஈரோடு)

2024 ஏப்ரல் 28 அன்று ஊட்டியில் 29 டிகிரி பதிவானது, 1951-க்குப் பிறகு அவ்வளவு போனதில்லை என்றார்கள். அந்தச் செய்தியைத்தான் நீங்கள் மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 29 என்பது ஊட்டிக்காரருக்கு அதிர்ச்சி, உங்கள் ஊரில் அந்த நாட்களில் 40-ஐத் தாண்டி அடித்ததை நினைத்துப் பாருங்கள். ஆனால் ஒன்று, தண்ணீர்த் தட்டுப்பாடு மலையிலும் உண்டு. வாளித் தண்ணீரில் குளிக்கச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: கூட்டமே இல்லாத இடம் ஒன்று சொல்லுங்களேன். (கரூர்)

சொன்னால் கூட்டம் வந்துவிடுமே! சரி, வால்பாறை. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு. உயரம் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர்தான், ஊட்டிக் குளிரை எதிர்பார்க்காதீர்கள். நாலு பக்கமும் தேயிலை, இடையிடையே காடு, மாலை ஐந்துக்கு மேல் காற்று மாறிவிடும். புதுத்தோட்டம் பக்கம் சாலையோர மரங்களில் சிங்கவால் குரங்குகளைப் பார்க்கலாம், தின்ன ஏதும் கொடுத்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அங்கே எனக்குப் பிடித்த காட்சி ஒன்று. சாலைச் சந்திப்புகளில் கம்பத்தின் மேல் ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். பக்கத்தில் யானை நிற்கிறது என்று தெரிந்தால் செல்போனிலிருந்தே அதை எரிய விடுவார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வருகிற தோட்டத் தொழிலாளர்கள் அதைப் பார்த்துவிட்டு, பதற்றம் ஒன்றும் இல்லாமல், பஸ் நிழற்குடையில் உட்கார்ந்து கதை பேச ஆரம்பித்துவிடுவார்கள். நீங்களும் அப்படியே வண்டியை நிறுத்திவிட்டு அவர்களோடு உட்காருங்கள், போட்டோ எடுக்கிறேன் என்று இறங்கி நடக்காதீர்கள். வால்பாறைக்கும் 2025 நவம்பர் முதல் இ-பாஸ் வந்துவிட்டது.

கேள்வி: மகளுக்கு இரண்டாவது வளைவிலேயே வாந்தி வந்துவிடுகிறது. இதனாலேயே மலைக்குப் போவதில்லை. (தஞ்சாவூர்)

கிளம்புவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிடவும் கூடாது, காலி வயிறாகவும் கூடாது, இரண்டு இட்லி போதும். முன் சீட்டில் உட்கார வயது இருந்தால் முன்னால் உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் பின் சீட்டில் நடுவில், கண்ணாடி வழியாகத் தூரத்துச் சாலையைப் பார்க்கிற மாதிரி. செல்போன் கையில் இருக்கவே கூடாது, பாதி வாந்தி அதனால்தான். மாத்திரை வேண்டும் என்றால் மருத்துவரைக் கேட்டு, ஏறுவதற்கு அரை மணி, முக்கால் மணி முன்பே கொடுத்துவிட வேண்டும், வாந்தி ஆரம்பித்த பிறகு கொடுத்தால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். ஓட்டுகிறவருக்கும் ஒரு வார்த்தை: வளைவில் திருகித் திருகி ஓட்டாதீர்கள். இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குங்கள், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பாதி வழியில் கருகிய வாசனை வரும், அதற்கப்புறம் பிரேக் பிடிக்காது.

கேள்வி: மே மாதம்தானே, ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போக வேண்டுமா? (வேலூர்)

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஆளுக்கு ஒன்று. ஏற்காட்டுக்கு முழுக்கைச் சட்டை போதும். தொப்பியை மறக்காதீர்கள், மேலே குளிராக இருந்தாலும் புற ஊதாக் கதிர் கீழே இருப்பதைவிட அதிகம், இரண்டு நாளில் மூக்குத் தோல் உரிந்துவிடும்.